நுண்கருவும் லினக்ஸும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருளின் குறிப்பிட்ட வரலாற்று வடிவத்திற் காணப்படும் குறையை அதன் மாறா இயல்பெனக் கொள்வது ஆய்வுலகில் அடிக்கடி நேரும் வழுவாகும். கணினித் துறையும் இதற்கு விலக்கன்று.

பணிசெயல் முறைமையின் மையமான கேர்னல், அதாவது கரு, நினைவகம், கோப்பு, சாதனங்கள் அனைத்தையும் தானே ஆள்வது பழைய மரபு. நுண்கருவோ நினைவகக் காவல், செய்திப் பரிமாற்றம் போன்ற மிகச் சிலவற்றை மட்டும் தன்னிடம் வைத்து, ஏனையவற்றை வெளியேயுள்ள சேவையகங்களிடம் விடுவது. 1985 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மாக் இவ்வகையிற் புகழ்பெற்றது. அது மந்தமாக இயங்கவே, நுண்கரு என்றாலே மந்தம் என்ற கருத்தும் வேரூன்றிற்று.

ஜேர்மனியரான யோகன் லீட்கே இதனை மறுத்தார். குறுஞ்செய்தியொன்றைக் கடத்த மாக்குக்கு 115 மைக்ரோசெக்கனும், தமது எல்3 நுண்கருவுக்கு ஏறத்தாழ 5 மைக்ரோசெக்கனும் தேவைப்பட்டதை 1993 இல் காட்டினார். ஆயினும், முழு முறைமையொன்று அவ்வாறே இயங்குமா என்ற வினா எஞ்சியது.

ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் லீட்கேயுடன் இணைந்து 1997 இல் விடை தந்தனர். லினக்ஸின் வன்பொருள் சார்ந்த பகுதியை மட்டும் மாற்றியெழுதி, அதனை எல்4 நுண்கருவின்மேல் ஏற்றினர். இயந்திரத்தை ஆண்ட கரு, பயனர் நிலையில் இயங்கும் ஒரு சேவையகமாயிற்று. ஏஐஎம் சோதனையில் உச்ச வேலைத்திறன் 5 சதவீதமே குறைந்தது. மாக்கின்மேல் ஏற்றிய எம்கேலினக்ஸிலோ இழப்பு அதைப்போல 5 முதல் 7 மடங்கு.

மேலே இருந்தது ஒரே லினக்ஸ், வேறுபட்டது அடித்தளம். எனவே குறை மாக்கினுடையதேயன்றி நுண்கரு என்ற கோட்பாட்டினுடையதன்று. இவ்வொப்பீட்டுக்கு வழிவகுத்ததும் ஒரு சமூக உறவே என்பது மனங்கொள்ளத்தக்கது: 1992 முதல் குனூ பொது உரிமத்தின்கீழ் வழங்கிய லினக்ஸின் மூலநிரல் தனியுடைமையாகப் பூட்டப்பட்டிருக்கவில்லை.