தெளிப்புச் சுரங்கம் முதல் லிஃப்ட் பொத்தான் வரை

நம் வளாகத்துக் காவலர் அறைக்குப் பின்னால் ஒரு கைத்தெளிப்பானும், காலால் மிதித்தால் கையில் சானிடைசர் விழும் இரும்பு ஸ்டாண்டும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இப்போது லிஃப்டுக்குப் புற ஊதா விளக்குக் கருவி வாங்கலாமா, மாதம் ஒருமுறை கிருமிநாசினி தெளிக்க ஆள் வைக்கலாமா என்று சங்கத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. பணம் பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் போகும். முடிவெடுக்கும் முன், கையால் துடைக்காமலே கிருமியைக் கொல்லும் இந்த யோசனையின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

பம்பாயில் கற்ற பாடம்

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. அழுக்கிலிருந்தே நோய் கிளம்புகிறது என்று அன்றைய அதிகாரிகள் பலர் நம்பினார்கள். சாக்கடைகளிலும் வீடுகளிலும் கார்பாலிக் அமிலக் கரைசல் பாய்ச்சப்பட்டது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். 1897-இல் தொற்றுநோய்ச் சட்டமும் வந்தது. மருந்து ஆறாக ஓடியும் பிளேக் நிற்கவில்லை. 1898-இல் கராச்சியில் ஆய்வு செய்த பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று காட்டினார். நோய் வந்த வழி ஒன்று, மருந்து தெளித்த இடம் வேறொன்று!

ஒளியின் கதையும் பழையதே. வெயில் நுண்ணுயிர்களை ஒடுக்குகிறது என்பதை 1877-இல் டவுன்ஸ், பிளன்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் சோதனை மூலம் காட்டினார்கள். பாயையும் தலையணையையும் மொட்டை மாடியில் வெயிலில் போடும் நம் பாட்டிமார்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

2020: திருப்பூரில் தொடங்கியது

2020 ஏப்ரல் 1 அன்று திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் ஒரு தெளிப்புச் சுரங்கம் திறக்கப்பட்டது. உள்ளே நடந்தால் சில நொடிகள் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் பனிபோல் மேலே படியும். செய்தி நாடு முழுவதும் பரவியது. சந்தைகள், அலுவலகங்கள், ஆலைகள் என வாசலுக்கு வாசல் சுரங்கம் முளைத்தது.

ஆனால் அந்த மருந்து தரைக்கும் மேசைக்கும் உரியது. அதுவும் சில நிமிடங்கள் ஈரமாக நின்றால்தான் வேலை செய்யும். மனிதர்மேல் பட்டால் கண் எரியும், தோல் அரிக்கும், மூச்சு முட்டும். உடலுக்குள் போய்விட்ட வைரஸை அது ஒன்றும் செய்யாது. அதே மாதமே நம் மாநிலப் பொது சுகாதாரத் துறை சுரங்கங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகமும் மனிதர்மேல் தெளிப்பதை எதிர்த்து அறிவுரை வெளியிட்டது. மே மாதம் உலக சுகாதார நிறுவனம், தெருவில் தெளிப்பதையும் அறைக்குள் வழக்கமாகத் தெளிப்பதையும் பரிந்துரைக்கவில்லை என்றது. அழுக்கும் தூசியும் மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. கடைசியில் 2020 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம், மனிதர்மேல் மருந்து தெளிப்பது குறித்தும் செயற்கைப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவது குறித்தும் ஒரு மாதத்துக்குள் உரிய உத்தரவு பிறப்பிக்கும்படி மத்திய அரசிடம் கூறியது.

இதற்கிடையே நம் மாவட்டத்தில் என்ன நடந்தது? 2020 மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பியவர்களிடையே தொற்று தெரியவர, விழுப்புரம் மாவட்டக் கணக்கு சட்டென ஏறியது. நெரிசலில் நெருங்கி நின்று பேசியதும் மூச்சு விட்டதும்தான் முக்கியமான வழி. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது.

புற ஊதா விளக்கு உதவாதா?

உதவும், உரிய இடத்தில். 2020 மே மாதம் டிஆர்டிஓ அறிவித்த 'யுவி பிளாஸ்டர்' கருவியில் 43 வாட் விளக்குகள் ஆறு இருந்தன. 12 அடிக்கு 12 அடி அறைக்குச் சுமார் 10 நிமிடம் தேவை. அந்நேரம் உள்ளே யாரும் இருக்கக் கூடாது. ஒளி நேராகப் படாத நிழல் பகுதியில் பலன் இல்லை. ஆளில்லாத ஆய்வகத்துக்கு அது சரி. நாள் முழுக்க மேலும் கீழும் ஓடும் நம் லிஃப்டுக்கு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 2020-இல் நம் வாசலில் கைத்தெளிப்பானை யார்மேல் அடித்தோம்? வீட்டு வேலைக்கு வந்த அம்மாக்கள்மேலும், பால்காரர் பையின்மேலும், சிலிண்டர் கொண்டுவந்த தம்பிமேலும். காரில் வந்த நம்மேல் யாரும் அடிக்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். பயத்தில் செய்தோம் என்பது உண்மை. அது மருத்துவம் இல்லை என்பதும் உண்மை.

எனவே எந்தக் கருவி வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்போம். இது எந்த நோயின் எந்த வழியை அடைக்கிறது? மருந்தோ ஒளியோ எவ்வளவு நேரம் படவேண்டும்? அதன் தொல்லை யார் தலையில் விழும்? அந்தப் பணத்தில் லிஃப்ட் மின்விசிறியைப் பழுது பார்க்கலாம். பொத்தான்களையும் கைப்பிடிகளையும் தினமும் துடைக்கத் துப்புரவுப் பணியாளருக்கு நல்ல கையுறை வாங்கித் தரலாம். அந்த மிதி ஸ்டாண்டுக்கும் ஒரு பூச்சு அடித்து வாசலில் வைப்போம். 2020 நமக்கு விட்டுச்சென்றதில் இன்றும் பயன்படக்கூடியது அதுதான்.