படையும் தறியும்: கூரம் செப்பேடு முதல் காஞ்சிக் கைக்கோளர் வரை

படைவீரர் ஊர்க்குடிகளாக ஊன்றிய வரலாற்றைக் காட்டும் உள்ளூர் அருங்காட்சியகம் எத்தகைய சான்றுகளை முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்பதைக் காஞ்சிபுரம் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தின் நடுகற்கள் வீரனின் இறப்பைப் பதிவு செய்கின்றன. அவனது வாழ்வை அறியச் செப்பேடுகளையும் கோயிற் கல்வெட்டுகளையுமே நாட வேண்டியுள்ளது.

முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு கி.பி. 7ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சார்ந்தது. அதன் வடமொழிப் பகுதி, சாளுக்கிய மன்னன் விக்கிரமாதித்தன் கந்தையுடன் ஓடியதைப் புகழ்ந்துரைக்கிறது. போர் நிகழ்ந்த பெருவளநல்லூரை உதயேந்திரம் செப்பேடு சுட்டுகிறது. கூரம் செப்பேட்டில் மன்னனின் யானை 'அரிவாரணம்', குதிரை 'அதிசயம்' எனப் பெயர் பெறுகின்றன. போரிட்ட வீரர் எவரும் பெயர் பெறவில்லை. அதே செப்பேடு பரமேசுவரமங்கலத்தை 25 பங்குகளாகப் பிரிக்கிறது. இறைப்பணி, மண்டபத்திற்கு நீரும் தீயும், பாரதம் வாசித்தல் ஆகியவற்றிற்குரிய 5 பங்குகள் நீங்கலாக, எஞ்சிய 20 பங்கினர் செக்கு, தறி, தரகு முதலியவற்றின் வருவாயைத் துய்க்கலாம் என்கிறது. ஆகவே இப்பகுதியில் தறி வருவாய்க்குரிய பொருளாக இருந்தமை உறுதி. தறியில் அமர்ந்தவரோ வீரரைப் போலவே பெயரின்றி நிற்கிறார்.

இவ்விரு பெயரற்றோரும் சோழர் காலத்தில் ஒரே பெயரின்கீழ் தோன்றுகின்றனர். சிங்களாந்தகத் தெரிஞ்ச கைக்கோளர், சமரகேசரித் தெரிஞ்ச கைக்கோளர் எனப் படைப்பிரிவுகள் கல்வெட்டுகளில் குறிக்கப்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி, படைப்பிரிவுகள் சில பரிவார ஆலயங்களின் பொறுப்பை ஏற்றன. சில கோயில் பண்டாரத்திலிருந்து பணம் பெற்று வட்டி செலுத்தின. போர்க்களத்திற்கு வெளியே படையினர் கோயிலோடும் ஊர்ப் பொருளாதாரத்தோடும் பிணைந்திருந்தமையை இது காட்டுகிறது.

விசயநகரக் காலத்தில் கைக்கோளர் பெரிதும் நெசவாளராகவே அறியப்படுகின்றனர். காஞ்சிபுரத்துக் கைக்கோளர் பெற்றிருந்த தண்டு, சங்கு உரிமைகளைப் பிற ஊர்க் கைக்கோளரும் முன்மாதிரியாகக் காட்டிப் பெற்றனர். பல்லக்கும் சங்கும் சமூக மதிப்பின் அடையாளங்கள். வாள் ஈட்டித் தந்த மதிப்பைத் தறியின் வளம் நிலைநிறுத்தியது எனக் கொள்ள இடமுண்டு. எனினும், படையினர் அனைவரும் நெசவுக்குத் திரும்பினர் என்றோ நெசவாளர் அனைவரும் படையினர் வழியினர் என்றோ கூறுவது சான்றை மீறியதாகும். ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்கும் 'ஈட்டி எழுபது' சமூக நினைவுக்குச் சான்று, படைவரலாற்றுக்கு நேர்ச்சான்றன்று.

கூரத்து நடராசர் செப்புத்திருமேனி சென்னை அரசு அருங்காட்சியகத்தில் கலைப்பொருளாகப் போற்றப்படுகிறது. கூரம் செப்பேட்டின் தறிக் குறிப்போ ஆய்வாளரின் பக்கங்களுக்குள்ளேயே அடங்கியுள்ளது. காஞ்சியில் பட்டு நெசவைக் காட்சிப்படுத்தும்போது செப்பேட்டு வரிகளின் படியையும் கைக்கோளப் படைக் கல்வெட்டுகளின் மைப்படியையும் தறியருகே வைத்தல் வேண்டும். அப்போதுதான் நெசவு தொன்மையான கைவினையாக மட்டுமன்றி, போர், கோயில், நிலவுரிமை ஆகியவற்றோடு பிணைந்த உழைப்பின் வரலாறாகவும் விளங்கும்.