ஆசியா ஆர்ட் ஆர்க்கைவ்

ஆசியா ஆர்ட் ஆர்க்கைவ் (ஆசியக் கலை ஆவணகம்) ஹாங்காங்கில் உள்ள பொது ஆய்வு நூலகம். ஆசியாவின் நவீன, சமகாலக் கலை குறித்த நூல்களையும் ஆவணங்களையும் திரட்டும் இலாப நோக்கற்ற அமைப்பு இது. ஷியுங் வான் பகுதியில், ஹாலிவுட் சாலையின் ஒரு கட்டடத்தில் 11ஆம் மாடியில் நூலகம் இயங்குகிறது. கட்டணம் கிடையாது. யாரும் போய் உட்கார்ந்து படிக்கலாம். நூல்களை வீட்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது. புதுதில்லியிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் இதன் கிளைகள் உள்ளன.

லண்டனில் படித்தபோது சீனச் சமகாலக் கலை பற்றிய நூல்கள் கிடைக்காமல் திண்டாடிய கிளேர் சூ, கலைக்கூட உரிமையாளர் ஜான்சன் சாங் போன்றோருடன் சேர்ந்து 2000இல் இதைத் தொடங்கினார். ஓவியமோ சிற்பமோ வாங்கிச் சேர்ப்பது இதன் வேலை அல்ல. கண்காட்சி அழைப்பிதழ், மெலிந்த கேட்லாக், கடிதம், பத்திரிகை நறுக்கு, ஸ்லைடு, ஓவியரின் குறிப்பேடு என வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போகும் காகிதங்களையே இது தேடுகிறது.

தேடும் முறையிலும் ஒரு தனித்தன்மை உண்டு. பல தொகுப்புகளின் மூலக் காகிதம் உரியவரிடமே இருக்கும்; ஆவணகம் அதை ஸ்கேன் செய்து, விவரப்பட்டியல் எழுதி, படிமத்தை இணையத்தில் வைக்கும். ஒரு நாட்டின் கலை வரலாறு பெட்டி பெட்டியாக வேற்று நாட்டுக்குக் கப்பலேறும் பழைய வழக்கத்துக்கு இது நல்ல மாற்று. ஆனால், பதிப்புரிமைச் சிக்கலால் சில ஆவணங்களை ஹாங்காங்குக்கு நேரில் போனால்தான் பார்க்க முடியும்.

இந்த முறையின் பயன் சீனத் தொகுப்பில் தெளிவாகத் தெரிகிறது. 1980களில் அங்கே எழுந்த புதுக்கலை இயக்கத்தின் படைப்புகளை வாங்கிக் காக்க அருங்காட்சியகங்கள் முன்வரவில்லை. 1989 பிப்ரவரி 5 அன்று பெய்ஜிங்கில் திறந்த பெருங்கண்காட்சியில், ஷியாவ் லூ என்ற பெண் கலைஞர் தம் சொந்தப் படைப்பையே துப்பாக்கியால் சுட்டார். அன்றே கண்காட்சியைத் தற்காலிகமாக மூடினார்கள். இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் மிஞ்சுவது புகைப்படமும் கடிதமும் பங்கேற்றோர் நினைவும்தான். ஓவியர்கள் மாவ் ஷூஹுய், ஜாங் பெய்லி, விமர்சகர் ஃபெய் தாவெய் ஆகியோரிடம் இருந்த காகிதங்களும் பல நேர்காணல்களும் சேர்ந்த தொகுப்பு 2010இல் வெளியானது.

ஹாங்காங்கிலேயே கிடைத்த புதையல் ஹா பிக் சுவெனுடையது (1925–2009). குவாங்தோங்கில் பிறந்து 1957இல் ஹாங்காங் வந்த இவர் ஆசான் இல்லாமல் தாமே கற்ற சிற்பி, அச்சோவியர். தம் படைப்புகளைப் பதிவுசெய்ய எடுத்த கேமராவோடு 1960கள் முதல் நகரின் கண்காட்சிகளுக்கெல்லாம் போய்ப் படமெடுத்தார். காண்டாக்ட் ஷீட்டுகள் (ஒரு சுருளின் படங்களைச் சிறிதாக ஒரே தாளில் அச்சிட்டவை), இதழ்களிலிருந்து வெட்டி ஒட்டிய படப்புத்தகங்கள் என்று அவரது வேலைக்கூடம் நிரம்பி வழிந்தது. அவர் மறைந்து சில ஆண்டுகள் கழித்து, 2014இல் ஆவணகம் அதைப் பிரித்து அடுக்கத் தொடங்கியது. ஒரு நகரத்தின் கலை நினைவு யாரும் கேட்காமலே ஒரு தனிமனிதரால் காக்கப்பட்டிருந்தது.

இந்தியக் கிளை 2013இல் அமைந்தது. அதற்கு முன்பே விமர்சகர் கீதா கபூர், ஓவியர் விவான் சுந்தரம் (1943–2023) இணையரின் ஆவணங்கள் எண்மமாகிவிட்டன. விவான், ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தங்கை மகன். பரோடா நுண்கலைப் புலத்தைச் சார்ந்த ஜோதி பட், குலாம் முகம்மது ஷேக், ரத்தன் பரிமூ, கே.ஜி. சுப்ரமண்யன் ஆகியோரின் தொகுப்புகளும் உள்ளன. பாகிஸ்தானின் சலீமா ஹஷ்மி, சிங்கப்பூரின் லீ வென், பிலிப்பைன்ஸின் ராபர்ட்டோ சபெட் ஆகியோர் ஆவணங்களும் இதே கூரையின்கீழ் வருகின்றன.

தமிழ் வாசகருக்கு நேரடியாகப் பயன்படுவது தெற்காசியக் கலை எழுத்துகளுக்கான நூலடைவு. தமிழ் உட்பட 13 மொழிகளின் 20ஆம் நூற்றாண்டுக் கட்டுரைகளையும் நூல்களையும் பட்டியலிடுகிறது. ஓவியம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி சிற்றிதழ்களில் சிதறிக் கிடப்பதால், எங்கே தேடுவது என்று சொல்லும் பட்டியலே பாதி வேலையை முடித்துவிடும்.

நூல்களை ஊர் ஊராகக் கொண்டுபோகும் நடமாடும் நூலகத் திட்டமும் உண்டு. வியட்நாமை அடுத்து, ஷர்மினி பெரேரா நிறுவிய ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகத்தின் துணையுடன் இலங்கைக்கு வந்த நூல்கள் 2013இல் யாழ்ப்பாணத்தை அடைந்தன. 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்ட அந்த நகரில், அதே பதிப்பகம் சமகாலக் கலை, கட்டடக்கலை, வடிவமைப்புக்கான ஓர் ஆவணகத்தையும் அந்த ஆண்டிலேயே தொடங்கியது.