கமிஷன் வாங்கிய தளபதி

தரகர் வாங்குவதும் கமிஷன், ராணுவ அதிகாரி பெறுவதும் கமிஷன். இன்றைக்கு இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் 1871 வரை பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரி பதவி என்பது பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் சொத்து. கடைநிலை அதிகாரியான என்சைனுக்கு ஒரு விலை, கேப்டனுக்கு ஒரு விலை. வேலையை விட்டுப் போகும்போது பதவியை விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம். கிட்டத்தட்ட வீட்டுமனை மாதிரி. ராணுவத்தை விட்டுப் பணச்சந்தைக்குப் போனவர்களின் கதையை இங்கிருந்து தொடங்கினால்தான் க்ரெகர் மெக்ரெகர் என்ற மனிதரைப் புரிந்துகொள்ள முடியும்.

1786-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1803-ல், பதினாறு வயதில், குடும்பம் பணம் கட்டி அவரை என்சைன் ஆக்கியது. லெப்டினன்ட் பதவி காசில்லாமல் கிடைத்தது. அடுத்ததற்கு ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். யார் காத்திருப்பது? ஒரு பணக்காரப் பெண்ணை மணந்துகொண்டார், கேப்டன் பதவியை வாங்கினார். 1810-ல் மேலதிகாரியோடு தகராறு, விலகல். போட்ட பணம் 1,350 பவுண்டு கைக்குத் திரும்பி வந்தது. பதவி என்பது காகிதம், காகிதத்துக்கு விலை உண்டு, அந்த விலை அடுத்தவர் நம்பிக்கையில் நிற்கிறது. இருபத்து நாலு வயதுக்குள் அவர் படித்துமுடித்த பாடம் இது.

சும்மா சொல்லக்கூடாது, மனிதரிடம் வீரமும் இருந்தது. 1812-ல் வெனிசுவேலா போய் ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரில் சேர்ந்தார். சிமோன் பொலிவாரின் உறவுக்காரப் பெண்ணை மணந்தார். 1816-ல் ஒகுமாரேயிலிருந்து பார்சிலோனா நகரம் வரை, எதிரிப் படை துரத்த, தன் படையைக் கட்டுக்கோப்பாகப் பின்வாங்கச் செய்து கொண்டுபோய்ச் சேர்த்தார். பொலிவாரே மெச்சிய காரியம் அது. ஆனால் 1819-ல் போர்ட்டோ பெல்லோ, ரியோ ஹாச்சா என்ற இரண்டு இடங்களிலும் தன் ஆட்களை எதிரியிடம் விட்டுவிட்டுக் கப்பலுக்குத் தப்பி ஓடினார். அந்த ஆட்களில் பலர், நெப்போலியன் போர் முடிந்ததும் வேலையற்றுப்போன பிரிட்டிஷ் சிப்பாய்கள்.

1820-ல் மிஸ்கிட்டோ மக்களின் அரசர், இன்றைய ஹோண்டுராஸ் கரையோரத்தில் 80 லட்சம் ஏக்கரை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்தார். விலை, கொஞ்சம் ரம், கொஞ்சம் நகைகள். காடும் சதுப்பும் கொசுவும் நிறைந்த இடம். அதற்கு ‘போயாய்ஸ்’ என்று பெயர் வைத்து, தன்னை அதன் ‘கசீக்’, அதாவது இளவரசர், என்று அறிவித்துக்கொண்டு 1821-ல் லண்டன் வந்து சேர்ந்தார்.

வந்த நேரம் அப்படி. போர் முடிந்த நாட்டில் பணம் கிடக்கிறது, வட்டி இறங்குகிறது. 1822-ல் பிரிட்டிஷ் அரசு தன் 5 சதவீதக் கடன்பத்திரங்களை 4 சதவீதத்துக்கு மாற்றியது. அதே வருடம் கொலம்பியா, சிலி, பெரு மூன்றும் 6 சதவீத வட்டியில் லண்டனில் கடன் திரட்டின. கூட்டத்தோடு கூட்டமாக, அக்டோபரில் போயாய்ஸும் 2 லட்சம் பவுண்டுக்குப் பத்திரம் வெளியிட்டது. 100 பவுண்டுப் பத்திரம் 80-க்கு, வட்டி 6. கணக்குப் போட்டால் 7.5 சதவீதம் வருகிறது! பத்திரத்தை வெளியிட்டது ஒரு முன்னாள் லண்டன் மேயரின் வங்கி. 15 பவுண்டு கட்டினால் போதும், மிச்சம் தவணையில்.

கூடவே நிலம் விற்றார், முதலில் ஏக்கர் 2 ஷில்லிங் 3 பென்ஸ், பிறகு 4 ஷில்லிங்வரை. ‘கேப்டன் ஸ்ட்ரேஞ்ச்வேஸ்’ என்ற பெயரில் 350 பக்கத்துக்கு மேல் ஒரு வழிகாட்டிப் புத்தகமும் வந்தது. எழுதியவர் பெயரிலும் ஒரு ராணுவப் பட்டம் இருப்பதைக் கவனியுங்கள்.

எச்சரிக்க ஆளில்லையா? இருந்தது. போர்ட்டோ பெல்லோவில் சிக்கிய தன் சகோதரனை இழந்த மைக்கேல் ராஃப்டர், மெக்ரெகரின் கதையை 1820-லேயே லண்டனில் புத்தகமாகப் போட்டுவிட்டார். பத்திரம் வாங்கியவர்களுக்கும் கடைக்காரரிடம் அந்தப் புத்தகத்தைக் கேட்க இரண்டு வருட அவகாசம் இருந்தது. ஜெனரல் என்ற பட்டமும் சீருடையும் கண்முன்னே நிற்கும்போது புத்தகத்தை யார் புரட்டுவார்கள்?

1822 செப்டம்பரில் லண்டனிலிருந்து ஒரு கப்பல், 1823 ஜனவரியில் லீத் துறைமுகத்திலிருந்து இன்னொன்று. மொத்தம் 250 பேருக்கு மேல், குழந்தை குட்டிகளோடு. கையிலிருந்த பவுண்டைக் கொடுத்துப் போயாய்ஸ் டாலர் வாங்கிப் போனவர்கள். இறங்கிப் பார்த்தால் நகரமும் இல்லை, வங்கியும் இல்லை. மழை பிடித்தது, காய்ச்சல் வந்தது. இளவரசிக்குச் செருப்புத் தைக்கப் போகிறோம் என்று நம்பி வந்த தொழிலாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். தற்செயலாக வந்த ஒரு கப்பல் மிச்சப்பேரை பெலிஸுக்கு ஏற்றிச் சென்றது. ஆனாலும் சுமார் 180 பேர் செத்துப்போனார்கள்.

லண்டனில் பத்திர விலை அதற்கு முன்பே சரிந்துவிட்டது. அங்கே குடியேறியவர்கள் சாகும் செய்தி வந்து சரியவில்லை. கொலம்பியாவின் தூதர் அதிகாரமில்லாமல் கடன் வாங்கிவிட்டார் என்ற தகராறில், தென்னமெரிக்கப் பத்திரங்கள் எல்லாமே விழுந்தன, போயாய்ஸும் சேர்ந்து விழுந்தது. சந்தைக்குக் கொலம்பியாவும் போயாய்ஸும் ஒன்றுதான். ஒன்று நாடு, மற்றொன்று வெறும் பெயர் என்பது விலைப்பட்டியலில் தெரியாது.

இதைவிட என்னை உறுத்தும் விஷயம் வேறு. பிழைத்து வந்தவர்களில் சிலர் மெக்ரெகரைக் குறை சொல்லவே மறுத்தார்கள். அவர் நல்லவர், கூட இருந்தவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்தே போட்டார்கள். தோற்ற படைவீரன் தளபதியை விட்டுக்கொடுக்காமல் பேசுவது போலத்தான். முதலீட்டாளரிடம் ஒரு தரகரால் இந்த விசுவாசத்தை வாங்க முடியாது.

படையில் பழகியவர் நிதித்தொழிலுக்கு வருவதில் தப்பொன்றுமில்லை. நெருக்கடியில் பதறாத மனம் அங்கே உண்மையிலேயே உதவும். ஆனால் சீருடை சொல்வது ஒரு மனிதன் எங்கே நின்றான் என்பதை மட்டும்தான், அதுவும் சில சமயம் பொய்யாக. அவன் விற்கும் காகிதத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது.

மெக்ரெகர் பாரிஸ் போய் மறுபடி போயாய்ஸை விற்கப் பார்த்தார். கைதானார், 1826-ல் விடுதலையும் ஆனார். பிறகும் 1837 வரை சில்லறையாக விற்றுக்கொண்டிருந்தார். மனைவி இறந்ததும் 1838-ல் வெனிசுவேலாவுக்கே திரும்பி, பழைய பதவியைக் கேட்டு மனுப் போட்டார். அரசு ஜெனரல் பட்டத்தையும் ஓய்வூதியத்தையும் கொடுத்தது. 1845-ல் கராகஸில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது. பத்திரம் வாங்கியவர்களுக்குப் போயாய்ஸ் மண்ணிலிருந்து ஒரு பவுண்டும் விளையவில்லை. அவருடைய கடைசி வருடங்களுக்குச் சோறு போட்டது பழைய ராணுவ வேலைதான்.