ஃபர்ம்வேர் பாதுகாப்புச் சோதனை (விண்டோஸ் 11)

விண்டோஸ் 11-க்கு மாறுமுன் கணினியின் ஃபர்ம்வேரில் சாவிகளைக் காக்கும் டிபிஎம், நம்பகமான பூட் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட், பயாஸுக்கு மாற்றாக வந்த யூஇஎஃப்ஐ ஆகியவற்றின் நிலையைப் பார்த்துக்கொள்வதே இச்சோதனை. பழைய பழக்கத்தில் ஃபர்ம்வேரைப் பலரும் பயாஸ் என்றே சொல்கிறார்கள். 2021 அக்டோபர் 5-இல் விண்டோஸ் 11 வெளியானபோது, அது கேட்கும் டிபிஎம் 2.0 சிப்பே தங்கள் கணினியில் இல்லை என்று நினைத்துப் புதுக் கணினிக்கு விலை விசாரித்தவர்கள் உண்டு. பல மதர்போர்டுகளில் டிபிஎம் 2.0 செயலியோடு சேர்ந்தே வந்திருந்தது. இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அதை இயக்கினால் அந்தத் தடை நீங்கும். ஆனால் தடை நீங்குவது வேறு, பாதுகாப்பு கிடைப்பது வேறு. செக்யூர் பூட்டுக்கு இடம்தரும் கணினியாக இருந்தால் போதும் என்பதே மைக்ரோசாஃப்டின் நிபந்தனை. அது இயங்கவேண்டும் என்பதில்லை. ஆகவே தேர்ச்சி பெற்ற கணினியிலும் அது அணைந்தே கிடக்கலாம். எம்எஸ்இன்ஃபோ32 கட்டளை தரும் திரையில் பயாஸ் முறை, செக்யூர் பூட் நிலை என்ற இரு வரிகளைப் பார்த்தால் உண்மை தெரியும். டிபிஎம்மின் பதிப்பை டிபிஎம்.எம்எஸ்சி காட்டும்.

எதை முதலில் மாற்றுவது என்பதில்தான் ஆபத்து. வட்டு எம்பிஆர் வகையாக இருக்கும்போது பழைய பூட் முறையை அணைத்தால் விண்டோஸ் எழும்பாது. எம்பிஆர்2ஜிபிடி கருவியால் வட்டை முதலில் ஜிபிடி வகைக்கு மாற்றிவிட வேண்டும். வட்டைக் குறியாக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதற்கும் முன்பே அதைத் தற்காலிகமாக நிறுத்தி, 48 இலக்க மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வைக்க வேண்டும். ஃபர்ம்வேர் மாறியதை டிபிஎம் உணர்ந்தால் வட்டைத் திறக்க மறுக்கும். சாவி இல்லாதவருக்கு அதிலுள்ள கோப்புகள் கிடைக்காமலே போகலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, நிபந்தனையை ரெஜிஸ்ட்ரி வழியாகவே தாண்டலாமே என்று கேட்பார்கள். தாண்டலாம், ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. செக்யூர் பூட்டையே பிளாக்லோட்டஸ் என்ற தீநிரல் ஏமாற்றிவிட்டதே என்ற கேள்வி இன்னும் வலுவானது. 2023-இல் அம்பலமான அந்தத் தீநிரல், 2022 ஜனவரியிலேயே திருத்தப்பட்ட ஒரு பிழையைப் பயன்படுத்தியது. குறையுள்ள பழைய பூட் கோப்புகள் ஃபர்ம்வேரின் தடைப்பட்டியலில் சேர்க்கப்படாமல் இருந்ததால், திருத்தம் வந்த பின்னும் அது நுழைய முடிந்தது. ஆக, செக்யூர் பூட்டைக் கைவிடுவதற்கு இது காரணமாகாது. தடைப்பட்டியலையும் புதுப்பித்து வைப்பதற்கே காரணம். செக்யூர் பூட்டுக்கு மைக்ரோசாஃப்ட் 2011-இல் வழங்கிய சான்றிதழ்களின் காலக்கெடு 2026 ஜூன் முதல் முடியத் தொடங்குவதால், புதிய சான்றிதழ்கள் ஏறியிருக்கின்றனவா என்பதையும் இதே சோதனையில் பார்த்துவிடுவது நல்லது.