குதிரை நடந்த கரையும் ரயில் ஓடிய தடமும்

பிரான்ஸ் நாட்டின் நாட்டுப்புறங்களில் மோட்டார் வண்டி எதுவும் புகாத பாதைகள் பல உள்ளன. நடந்து செல்வோர், மிதிவண்டியில் செல்வோர், குதிரையேறிச் செல்வோர் ஆகியோருக்கே அவை உரியவை. பிரெஞ்சு மொழியில் அவற்றை 'வுவா வெர்த்' என்பர். பசும்பாதை என்று நாம் தமிழில் வழங்கலாம். திராட்சைத் தோட்டங்களின் இடையிலும் கால்வாய்க் கரைகளின் மீதும் செல்லும் அப்பாதைகளில், முதியவர்களும் சிறுவர்களும் மிதிவண்டியேறி, சிறு மூட்டையொன்றைப் பின்னே கட்டிக்கொண்டு, அச்சமின்றி ஊர் ஊராகச் செல்கின்றனர். இதைக் காண்போர், செல்வமுள்ள நாடொன்று தன் மக்களின் பொழுதுபோக்குக்காகப் புதிதாக அமைத்த வழிகள் இவை என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. இவற்றுள் புகழ்பெற்றவை பல, மிதிவண்டி என்ற ஒன்று பிறப்பதற்கு முன்னரே, முற்றிலும் வேறு நோக்கங்களுக்காகத் தோன்றியவை. அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

பதினேழாம் நூற்றாண்டில் பதினான்காம் லூயி மன்னன் ஆண்டபோது, தென் பிரான்ஸில் பியேர் போல் ரிக்கே என்பவர் உப்பு வரி தண்டும் குத்தகைக்காரராக இருந்தார். அட்லாண்டிக் கடலையும் மத்தியதரைக் கடலையும் உள்நாட்டு நீர்வழியாலேயே இணைத்துவிட வேண்டும் என்பது அவருடைய வேட்கை. அமைச்சர் கொல்பேரின் ஆதரவுடன் 1666-இல் மன்னனின் ஆணை பிறந்தது. கறுப்பு மலையின் ஓடைகளைத் திருப்பி, சேன் ஃபெரியோல் என்னுமிடத்தில் பெரிய நீர்த்தேக்கம் கட்டி, துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடற்கரைவரை சுமார் 240 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். சுமார் 12,000 பேர் அதில் உழைத்தனர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். மழை நாட்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் ரிக்கே கூலி கொடுத்தார் என்பது அக்காலத்துக்கு வியப்பான செய்தி. தம் சொந்தப் பொருளையும் அதில் கொட்டிய அவர், 1680-இல், பணி நிறைவுறுவதற்குச் சில மாதங்கள் இருக்கையில் காலமானார். மறு ஆண்டில் கால்வாய் திறக்கப்பட்டது. அவர் மக்களுக்குக் கிடைத்த முதற் செல்வம் கடன்தான்! இன்று 'தென்னகக் கால்வாய்' என்ற பொருளுடைய பெயரால் வழங்கும் அதனை, 1996-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு உலக மரபுச் செல்வங்களின் வரிசையில் சேர்த்தது.

வடமேற்கே பிரித்தானி நாட்டுப்பகுதியில் வேறொரு கால்வாய் உண்டு. நெப்போலியன் காலத்தில் ஆங்கிலக் கப்பற்படை பிரெஸ்ட் துறைமுகத்தைக் கடல்புறத்தில் அடைத்து நின்றது. ஆகவே நாந்த் நகரிலிருந்து நிலத்தின் ஊடாகவே பிரெஸ்டுக்குப் பொருள் அனுப்பும் பொருட்டு 1811-இல் கால்வாய் வேலை தொடங்கிற்று. க்ளொமெல் என்னுமிடத்துப் பெரும் வெட்டுப்பள்ளத்தைத் தோண்டியவர்கள் தண்டனைக் கைதிகள். 1842-இல் 364 கிலோமீட்டர் நீர்வழி முற்றுப்பெற்றபோது, நெப்போலியனும் இல்லை; அவன் நடத்திய போரும் இல்லை. பின்னர் 1930-இல் முடிவுற்ற கெர்லெதான் அணை, அந்நீர்வழியையே இரண்டாகத் துண்டித்துவிட்டது.

இக்கால்வாய்களில் படகை இழுத்தவை குதிரைகளும் கோவேறு கழுதைகளும். அவை நடப்பதற்காகக் கரையோரத்தில் ஒரு பாதை வேண்டியிருந்தது. நீரோ மட்டமாக நிற்பது. எனவே அதன் கரையும் ஏற்றத்தாழ்வின்றி அமைந்தது. இந்த ஒரு குணத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்தது இரும்புப் பாதை. 1879-ஆம் ஆண்டில், பொதுப்பணி அமைச்சராக இருந்த ஃப்ரெசினே என்பவரின் திட்டம் சட்டமாயிற்று. சிறு நகரங்களையும் ரயிலால் இணைப்பதே அதன் நோக்கம். ரயில் வந்தால் ஊர் பிழைக்கும், வராவிட்டால் ஊர் தேயும் என்று எங்கும் நம்பினார்கள். மலையைக் குடைந்தும் பள்ளத்தை மேடாக்கியும் கிளைப்பாதைகள் இடப்பட்டன. நீராவி எஞ்சினும் குதிரையைப் போலவே செங்குத்தான ஏற்றத்தை விரும்புவதில்லை. நூறு அடி செல்வதற்குள் மூன்றடிக்கு மேல் ஏறும் தடம் அரிதே. ஆனால், இருபதாம் நூற்றாண்டில் பேருந்தும் காரும் பெருகவே, அக்கிளைப்பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்டவாளங்களைப் பெயர்த்துச் சென்றனர்; நிலையங்கள் பாழாயின; தடத்தில் முட்புதர் மண்டிற்று.

இனி மிதிவண்டியின் கதைக்கு வருவோம். 1860-களில் பாரிஸ் நகரில் மிஷோ என்பவரின் பட்டறை மிதிகட்டை பொருத்திய இருசக்கர வண்டிகளைச் செய்து விற்றது. விரைவில் அது பந்தயக் கருவியாயிற்று. அதனைப் பயணக் கருவியாகக் கண்டு போற்றியவர்களுள் முதன்மையானவர் போல் த விவி. 'வெலோசியோ' என்பது அவருடைய புனைபெயர். சேந்த் எத்தியேன் நகரில் பட்டு வாணிகம் செய்த அவர், 1887-இல் மிதிவண்டிக்கென ஓர் இதழைத் தொடங்கினார். பசிக்குமுன் உண், தாகத்துக்குமுன் அருந்து, செருக்குக்காக மிதிக்காதே என்ற கருத்துப்பட அவர் வகுத்த விதிகளை இன்றும் பயணிகள் நினைவுகூர்கின்றனர். மலையேற உதவும் பல்வேறு கியர்களுக்காக அவர் ஓயாது வாதாடினார். புகழ்பெற்ற 'தூர் த பிரான்ஸ்' பந்தயமோ 1937-ஆம் ஆண்டுவரை சங்கிலி மாற்றும் கியரை அனுமதிக்கவில்லை! அதற்கு முன்னரே, 1930-இல், வெலோசியோ தம் ஊர்த் தெருவில் மிதிவண்டியைக் கையால் பிடித்துக்கொண்டு கடக்கையில், காருக்கு வழிவிட்டுப் பின்வாங்கினார். அவ்வேளையில் டிராம் வண்டி மோதி உயிர் நீத்தார். மலைப்பாதைகள் பலவற்றில் ஊறு செய்யாத விதி, நகரத்துத் தெருவில் அவரைக் கவர்ந்தது.

1936-இல் லெயோன் ப்ளூம் தலைமையிலான அரசு, தொழிலாளர் அனைவருக்கும் ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கிற்று. அந்தக் கோடையில், கடலையே கண்டிராத தொழிலாளர் பலர், கணவனும் மனைவியுமாக இருவர் மிதிக்கும் வண்டியேறிக் கடற்கரை நாடிச் சென்றனர். நெடுஞ்சாலை அன்று அவர்களுடையதாக இருந்தது. உலகப் போருக்குப்பின் அதே தொழிலாளர் சிறு கார் வாங்கினர். சாலை காருக்கு உரியதாயிற்று. மிதிவண்டிக்காரர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். ஓரத்திலும் அவர் உயிருக்கு உறுதியில்லை.

இந்நிலையில்தான், கைவிடப்பட்ட தடங்களின்மேல் சிலர் பார்வை விழுந்தது. பர்கண்டிப் பகுதியிலுள்ள சோன் எ லுவார் மாவட்டத்தில், ஜிவ்ரி என்னும் ஊரிலிருந்து க்ளூனிவரை, சுமார் 44 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய ரயில் தடத்தைச் செப்பனிட்டு, 1997-இல் பசும்பாதையாகத் திறந்தனர். பிரான்ஸின் முதல் பசும்பாதை என்று போற்றப்படுவது இதுவே. மறு ஆண்டில் நாடு முழுவதற்குமான திட்டம் உருவாயிற்று. 2004-இல் சாலை விதிகளில் பசும்பாதை என்ற சொல் இடம்பெற்றது. க்ளூனிக்குத் தெற்கே, சுமார் 1,600 மீட்டர் நீளமுள்ள பழைய ரயில் சுரங்கத்தின் ஊடாகவும் இப்போது மிதிவண்டிகள் செல்கின்றன. குளிர்காலத்தில் மட்டும் அங்கே தங்கும் வௌவால்களின் உறக்கத்தைக் கருதி அதனை மூடிவிடுகின்றனர்.

குதிரைக்காகவும் நீராவி எஞ்சினுக்காகவும் மட்டமாக்கிய நிலம், முதியவரின் முழங்காலுக்கும் சிறுவரின் வலிமைக்கும் ஏற்றதாயிற்று. முன்னோர் கொட்டிய உழைப்பு வேறு வடிவில் பயன் தந்தது. ஆனால், இப்பயன் எல்லா இடத்திலும் கிட்டவில்லை. தடத்தின் நிலத்தைத் துண்டு துண்டாக விற்ற ஊர்களில், வீடும் தோட்டமும் அதனை விழுங்கிவிட்டன. அங்கே பயணி மீண்டும் கார்களின் இடையே இறங்கியே ஆகவேண்டும். பசும்பாதை சென்றடையும் க்ளூனியே இதற்கு ஓர் எச்சரிக்கை. கிறித்துவ உலகின் மிகப் பெரிய ஆலயமாக நெடுங்காலம் விளங்கிய அவ்வூர் மடாலயத்தைப் புரட்சிக்குப்பின் விற்றுக் கல் கல்லாகப் பெயர்த்தனர். இன்று எஞ்சி நிற்பது அதன் சிறு பகுதியே.

பாதுகாத்தவையும் இடையூறின்றி நிற்பதில்லை. தென்னகக் கால்வாயின் கரைகளில் நிழல் தந்த பிளேன் மரங்கள் சுமார் 42,000. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டிகளோடு பிரான்ஸுக்கு வந்ததாகக் கருதப்படும் ஒரு பூஞ்சை நோய், 2006-இல் அக்கரையில் காணப்பட்டது. பல்லாயிரம் மரங்களை வெட்டிச் சாய்க்க நேர்ந்தது. வேறு இன மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர். அவற்றின் நிழலில் செல்லப்போகிறவர்கள் அடுத்த தலைமுறையினர்.

பிழைப்பை நாடி நெடுந்தொலைவில் வாழ்ந்து, ஓரிரவும் இரண்டிரவும் ரயிலில் கழித்து ஊர் சேரும் நம் நேயர்களுக்கு, ஒரு தடம் என்பது வெறும் இரும்பும் கல்லும் அன்று என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வழி தன் பணியை இழக்கலாம். படகும் ரயிலும் நின்றுபோகலாம். அதன் தொடர்ச்சி மட்டும் அறுபடாதிருந்தால், வேறொரு காலத்தில் வேறொருவர் அதன்மீது நடந்து செல்வார். உப்பு வரிக்காரரும் தண்டனைக் கைதியும் அமைச்சரும் இதனை எண்ணி உழைக்கவில்லை. எனினும், இன்று ஒரு குழந்தை மோட்டார் வண்டிக்கு அஞ்சாமல் மிதித்துச் செல்கிறதென்றால், அது அவர்கள் சமன்செய்து வைத்த மண்ணின்மீதுதான்.