சம்பா நாட்டுக் கோயில்கள்

வியட்நாமின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும், கடற்கரையை ஒட்டிய நிலத்தில் செங்கல்லால் கட்டப்பட்ட பழங்கோயில்கள் பல உள்ளன. இவை சம்பா என்னும் அரசின் காலத்தவை. சம்பாவை ஆண்டவர்கள் சாம் இனத்தவர். கடல் வாணிகத்தால் வளம் பெற்ற இவர்கள் சிவனைப் பெருந்தெய்வமாக வழிபட்டனர். இன்று டா நாங், ஹோய் ஆன், நாட்ராங் ஆகிய கடற்கரை நகரங்களுக்குச் செல்லும் பயணிகள் இக்கோயில்களையும் எளிதில் காணலாம்.

வரலாறு

நாட்ராங் நகருக்கு அருகில் கிடைத்த வோ கான் கல்வெட்டு, தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய சமற்கிருதக் கல்வெட்டுகளுள் ஒன்றாகும். அதில் ஸ்ரீமாறன் என்னும் மன்னன் பெயர் வருகிறது. இப்பெயரைப் பாண்டியரின் ‘மாறன்’ என்னும் பட்டப்பெயரோடு சில ஆய்வாளர்கள் தொடர்புபடுத்தியுள்ளனர். வேறு சிலர் அவன் உள்நாட்டு மன்னனே என்பர். ஆயினும் சாம் எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்தின் வழியில் வந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

சம்பா ஒரே தலைநகரைக் கொண்ட பேரரசாக இருக்கவில்லை. சிம்மபுரம், இந்திரபுரம், விஜயா, பாண்டுரங்கம் எனப் பல மையங்கள் காலந்தோறும் மேலோங்கின. வடக்கே வியட்நாமியருடனும் மேற்கே கெமர்களுடனும் போர்கள் தொடர்ந்தன. 1471இல் வியட்நாமிய மன்னன் லே தான் தோங் விஜயாவைக் கைப்பற்றினான். எஞ்சியிருந்த பாண்டுரங்கமும் 1832இல் வியட்நாமுடன் இணைக்கப்பட்டது.

மி சோன்

ஹோய் ஆன் நகரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் மி சோன் உள்ளது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரவர்மன் என்னும் மன்னன் இங்கு லிங்கத்தை நிறுவினான். மன்னன் பெயரால் இறைவன் பத்ரேசுவரன் எனப்பட்டான். மரத்தாலான அக்கோயில் பின்னர் தீக்கிரையானது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சம்புவர்மன் அதனை மீண்டும் எழுப்பி, தன் பெயரையும் சேர்த்துச் சம்புபத்ரேசுவரன் எனப் பெயரிட்டான். 13ஆம் நூற்றாண்டு வரை இங்குக் கோயில்கள் கட்டப்பட்டன.

காடு மூடிய இவ்விடத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 1898இல் கண்டறிந்தனர். ஆன்றி பார்மாந்தியே என்னும் அறிஞர் கோயில்களை ஆராய்ந்து, எழுத்துகளால் தொகுதி தொகுதியாகப் பிரித்தார். அப்போது ஏறத்தாழ 70 கட்டடங்கள் இருந்தன.

வியட்நாம் போரின்போது கொரில்லாப் படையினர் இப்பள்ளத்தாக்கைத் தளமாகப் பயன்படுத்தினர். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் இங்குக் குண்டு வீசின. 20 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நின்ற, சாம் கட்டடக் கலையின் உச்சம் எனப் போற்றப்பட்ட ஏ1 கோயில் இடிந்து விழுந்தது. பாரிசின் கீமே அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பிலிப் ஸ்டேர்ன், நினைவுச் சின்னங்களைக் காக்குமாறு அமெரிக்க அதிபர் நிக்சனுக்குக் கடிதம் எழுதினார். அதன் பின்னரே, சாம் சின்னங்களுக்குச் சேதம் நேராமல் பார்த்துக்கொள்ள ஆணை பிறந்தது. ஆனால் ஏ1 அதற்குள் செங்கற் குவியலாகிவிட்டது.

போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் கசிமிர் குவியத்கோவ்ஸ்கி 1980களின் தொடக்கத்திலிருந்து 1997இல் இறக்கும் வரை இங்குப் பாதுகாப்புப் பணியை நடத்தினார். அவருக்கு ஹோய் ஆனில் சிலை உள்ளது. 1999இல் மி சோன், ஹோய் ஆன் ஆகிய இரண்டும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களாயின. இந்தியத் தொல்லியல் துறையும் இங்குச் சீரமைப்புப் பணி செய்துள்ளது. அப்பணியில் 2020 மே மாதத்தில், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் லிங்கம் ஒன்று வெளிப்பட்டது.

இக்கோயில்களின் செங்கற்களுக்கு இடையே சாந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை எவ்வாறு ஒட்டப்பட்டன என்பது பற்றி இன்றும் ஆய்வு நடக்கிறது. செங்கற் சுவர் எழுந்த பின் அதன் மேலேயே சிற்பங்களைச் செதுக்கினர்.

டா நாங்

சிதைந்த கோயில்களிலிருந்து சேகரித்த சிற்பங்களுக்கு டா நாங்கில் தனி அருங்காட்சியகம் உண்டு. 1919இல் திறக்கப்பட்ட இது சாம் சிற்பங்களின் முதன்மையான காப்பிடமாகும். மி சோனுக்குச் செல்லுமுன் இதனைப் பார்த்தால், அங்கே வெறுமையாக நிற்கும் சுவர்களில் எவை இருந்தன என்பது விளங்கும். நகரின் மி கே கடற்கரையும், குகைகளுள் பௌத்தக் கோயில்கள் அமைந்த பளிங்கு மலைகளும் அருகருகே உள்ளன.

பொ நகர், நாட்ராங்

நீண்ட மணற்கரைக்குப் புகழ்பெற்ற நாட்ராங்கில், ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில் ஒரு குன்றின் மேல் பொ நகர் கோயில் உள்ளது. 774இல் கடல்வழி வந்த கொள்ளையர் பழைய கோயிலை எரித்தனர். சத்தியவர்மன் 784இல் புதுப்பித்தான். 918இல் பகவதியின் பொற்சிலை நிறுவப்பட்டது. அதனைக் கெமர் படை கவர்ந்து செல்லவே, 965இல் கற்சிலை வைக்கப்பட்டது.

ஆட்சி மாறிய பின்னும் இங்கு வழிபாடு நிற்கவில்லை. வியட்நாமியர் இத்தேவியைத் தியென் இ ஆ நா என்னும் பெயரில் தங்கள் தாயாகவே ஏற்றுக்கொண்டனர். சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதத்தில் இங்குத் திருவிழா நடைபெறுகிறது.

பொ குலோங் கராய், பான் ராங்

பான் ராங் என்னும் பெயரே பாண்டுரங்கத்தின் திரிபு. இங்குள்ள பொ குலோங் கராய் கோயில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூன்றாம் ஜயசிம்மவர்மன் காலத்தில் எழுந்தது. வாயிலின் மேல் ஆடும் சிவனும், கருவறையில் முகலிங்கமும், நந்தியும் உள்ளன. இந்துக்களான சாம் மக்கள் இன்றும் ஆண்டுதோறும் காதே திருவிழாவில் இங்குக் கூடி, இறைவனுக்கு நீராட்டி ஆடை அணிவிக்கின்றனர். மி சோனில் சுவர்கள் மட்டும் காக்கப்படுகின்றன. இங்கே அச்சுவர்களுக்குள் நடந்த வழிபாடும் உயிரோடு உள்ளது.

செல்வோர் கவனத்திற்கு

நடு வியட்நாமில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழையும் புயலும் இருக்கும். டா நாங், மி சோன் பகுதிகளுக்குப் பிப்ரவரி முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்கள் ஏற்றவை. வெயிலுக்கு முன் காலையிலேயே மி சோனைச் சுற்றிவருவது நல்லது. போரில் வெடிக்காத குண்டுகள் இப்பகுதிகளில் புதைந்திருந்தமையால், வகுத்த பாதையை விட்டு விலகிச் செல்லக் கூடாது. பொ நகரும் பொ குலோங் கராயும் வழிபாட்டிடங்கள் என்பதால் அடக்கமான உடையில் செல்ல வேண்டும்.